பராசக்தி நிலத்திலிருந்து எழும்பிய கதை

செத்த வீட்டில் சிரிப்பது பெரிய பாவம். ஆனால் கரவெட்டியில் தங்கமுத்துவின் செத்த வீட்டில், பிரேதத்தைச் சுற்றியிருந்து ஒப்பாரி சொன்ன பெண்களே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கமுத்து பொல்லாத பகிடிக்காரி. உயிரோடு இருந்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். அவ்வளவுக்கும் காரணம் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி பராசக்தி.

பராசக்தி ஒழுங்காகத்தான் வந்தாள். வெள்ளைச் சேலை உடுத்தி, தலைமாட்டில் பாயில் சம்மணம் கட்டி இருந்து, ஒன்றரை மணித்தியாலம் மனம் விட்டு அழுதாள். ஐயர் வந்து கிரியை தொடங்க இடம் கேட்டதும் பெண்கள் எல்லோரும் எழும்பினார்கள். பராசக்தி மட்டும் எழும்பவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், பாவம், என்று முதலில் நினைத்தார்கள். அவள் ஒரு கையை நிலத்தில் ஊன்றினாள். பிறகு மற்றக் கையையும் ஊன்றினாள். இடுப்பு அரை அடி உயர்ந்து, பொத்தென்று திரும்பப் பாயில் விழுந்தது. இரண்டு பெண்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லித் தூக்கிக் கதிரையில் வைத்தார்கள்.

இதோடு போயிருந்தால் மானம் ஊருக்குள்ளேயே கிடந்திருக்கும். ஆனால் இந்தக் காலத்துச் செத்த வீட்டில் ஐயர் பிந்தினாலும் வீடியோக்காரன் பிந்துவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்காக எல்லாம் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. பராசக்தியின் மகன் சயந்தனும் மகள் தயாளினியும் கனடாவில் இருந்து பெரியம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் காத்திருந்தார்கள். நாலு பேர் அம்மாவைத் தூக்குவதைப் பார்த்தார்கள்.

பராசக்தி யார் என்று இங்கே சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர்த் தோட்டத்தைப் புருஷன் தியாகராசாவோடு சேர்ந்து கொத்தியவள் அவள். வெங்காயம், புகையிலை, மரவள்ளி என்று போகம் மாறி மாறிச் செய்தார்கள். தியாகராசா கிணற்றடியில் தண்ணீர் மெசினைப் பிடித்து இறைக்க, இவள் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவாள். வெங்காயப் பிடிகளைச் சைக்கிளில் கட்டி நெல்லியடிச் சந்தைக்கு மிதித்துக்கொண்டு போவாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிந்து நிமிர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. யார் இருந்து எண்ணினார்கள்?

தியாகராசா கண்ணை மூடிப் பதினொரு வருடம். பிள்ளைகள் இரண்டும் கனடாவில் காலூன்றியதும், "அம்மா பட்ட பாடு போதும், இனி இருந்து சாப்பிடட்டும்" என்று முடிவெடுத்தார்கள். முதலில் தோட்டம் குத்தகைக்குப் போனது. கிணற்றில் மோட்டர் வந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசின் வந்தது. சமைக்கவும் கூட்டவும் தர்சிகா என்ற பெண் வந்தாள். அம்மாவைத் துரும்பு தூக்க விடக்கூடாது என்பது அவளுக்கு இட்ட கட்டளை. விழுந்துபோவீர்கள் என்று சொல்லிச் சைக்கிளை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு கதிரை வந்து இறங்கியது. கைப்பிடியை இழுத்தால் கால் தானாக நீளும், முதுகு தானாகச் சாயும். எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று கமரா: ஒன்று கேற்றில், ஒன்று முற்றத்தில், ஒன்று அந்தக் கதிரைக்கு நேரே ஹோலில்.

ஒரு நாள் வாசலில் கிடந்த சருகைக் கூட்டுவதற்கு அவள் விளக்குமாற்றை எடுத்தாள். பத்து நிமிஷத்தில் கனடாவிலிருந்து போன். "அம்மா, உதென்ன வேலை? விளக்குமாத்தை வைச்சிட்டுப் போய் இருங்கோ!" பராசக்தி வைத்துவிட்டுப் போய் இருந்தாள்.

அது அன்புதான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஊரும் மெச்சியது. "பராசக்தியைப் பிள்ளையள் ஒரு வேலை செய்ய விடாமல் இருத்தி வைச்செல்லோ பாக்கிறாங்கள்!" என்று கோயிலடியில் பேச்சு. யாழ்ப்பாணத்தில் ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. பராசக்திக்கும் அது இனித்தது. ஆறு வருடம் இருந்தாள். சீனி வருத்தம் வந்தது, கால் வீங்கியது, வாசல்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அறுபத்து மூன்று வயதில் இதெல்லாம் வருவதுதானே என்று குளிசையைப் போட்டுக்கொண்டு மீண்டும் இருந்தாள். இருந்து தின்றால் குன்றும் கரையும் என்பார்கள். அது சொத்துக்குச் சொன்னது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

செத்த வீட்டுக்குப் போன அன்று பின்னேரமே சயந்தன் போன் எடுத்தான். யாழ்ப்பாணப் பக்கம் முதியோருக்கென்று புதிதாக ஓர் இல்லம் திறந்திருக்கிறார்கள், மணி அடித்தால் தாதி ஓடி வருவாள், அங்கே விசாரித்துவிட்டேன் என்றான்.

"வீட்டை என்ன செய்யிறது?" என்று கேட்டாள் பராசக்தி.

"பூட்டுவம் அம்மா. தனிய விழுந்து கிடந்தால் ஆர் தூக்கிறது? நாங்கள் பக்கத்திலை இல்லையே."

அவன் உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். அதனால் அவளால் ஏசவும் முடியவில்லை. தியாகராசா தன் கையாலேயே சீமெந்துக் கல் அரிந்து கட்டின வீடு. அதைப் பூட்டிவிட்டு, மணி அடித்தால் ஆள் வருகிற இடத்தில் போய்க் கிடப்பதா? பேரம் பேசிப் பழகிய சந்தைக்காரியல்லவா!

"மார்கழியிலை அப்பான்ரை திவசத்துக்கு நீ வருவாய்தானே மோனை? வந்து பார். ஒருத்தற்றை கையும் பிடிக்காமல் நான் நிலத்திலை இருந்து எழும்பிக் காட்டுறன். ஏலாமல் போச்செண்டால் நீ சொல்லுற இடத்துக்கு வாறன்."

சயந்தன் யோசித்தான். "சரி அம்மா. ஆனா அதுக்கிடையிலை ஒருக்கால் விழுந்தாலும் கதை முடிஞ்சுது."

அடுத்த கிளினிக் நாளில் அவளை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த வினோஜா என்ற பெண் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. "கையை நெஞ்சிலை கட்டிக்கொண்டு, கதிரையிலை இருந்து எழும்பி எழும்பி இருங்கோ. அரை நிமிசம்" என்று மணிக்கூட்டைப் பார்த்தாள். பராசக்தி நாலு தரம் எழும்பினாள். நாலாவது தரம் கையைக் கட்ட மறந்து கதிரையைப் பிடித்துவிட்டாள்.

"உங்கடை வயசுக்குப் பன்னிரண்டு தரமாவது வேணும் அம்மா."

"எனக்கு வாதம் பிள்ளை. அதுதான்."

"வாதமில்லை. உங்களுக்கு வேலையில்லை. அதுதான் வருத்தம்."

பராசக்திக்குச் சுருக்கென்றது. வினோஜா விடவில்லை. "உடம்பு சரியான கஞ்சன் அம்மா. தசையை வைச்சிருக்கிறதுக்குச் சாப்பாடு போட வேணும். நீங்கள் பாவிக்காட்டில், உது எனக்குத் தேவையில்லை எண்டு கரைச்சுப் போடும். தொடையிலையும் இடுப்பிலையும்தான் பெரிய தசை கிடக்கு. எழும்புறதுக்கு அதுதான் வேணும். நீங்கள் தின்னுற சோத்துச் சீனியிலை பெரும் பங்கை இழுத்து எடுக்கிறதும் தசைதான். அது சும்மா கிடந்தால் சீனி ரத்தத்திலையே நிண்டு போகும்."

"அப்ப கால் வீக்கம்?"

"நிண்டு நடக்கேக்கை கெண்டைக்கால் தசை இறுகி இளகி, காலிலை கிடக்கிற ரத்தத்தை மேலை தள்ளும். கிணத்துக்கு மோட்டர் வைச்சிருக்கிறியள்தானே? காலுக்கு மோட்டர் அதுதான். நீங்கள் சுவிச்சை நிப்பாட்டிப் போட்டு இருக்கிறியள்."

தோட்டக்காரிக்கு அது விளங்கியது. மெசின் நின்றால் பாத்தியில் தண்ணீர் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "நான் வெள்ளிக்கிழமையளிலை கோயிலை மூண்டு தரம் சுத்துறனான் பிள்ளை."

"நல்லது. மிச்ச ஆறு நாளும் ஆர் சுத்துறது?" என்றாள் வினோஜா. "விடியக் காலமை ஒரு மணித்தியாலம் நடந்திட்டுப் பகல் முழுக்க இருந்தாலும் சரிவராது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்ப வேணும். நிக்க வேணும், நடக்க வேணும்."

"போன தசை திரும்ப வருமோ?"

"தொண்ணூறு வயசிலையும் வரும். மெல்ல வரும்."

பராசக்தி அந்த 'வரும்' என்ற சொல்லைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாள் காலை ஹோலில் கதிரையை விட்டு எழும்பி இருந்து, எழும்பி இருந்து பழகினாள். ஏழாவது தரம் எழும்ப முன்னம் போன் அடித்தது. தயாளினி. "அம்மா, ஏன் எழும்பி எழும்பி இருக்கிறியள்? வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ? தர்சிகாவைக் கூப்பிடுங்கோ, டொக்டரிட்டைப் போங்கோ!" பயிற்சி என்று சொன்னதும் அவள் இன்னும் பதறினாள். முழங்கால் தேய்ந்துவிடும், பிறசர் ஏறிவிடும், கூகிளில் பார்த்தேன், ஒன்றும் வேண்டாம், இருங்கோ. பிள்ளையைக் குறை சொல்லி என்ன செய்வது? ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து அம்மாவை ஒரு சின்னக் கண்ணாடிக்குள் பார்க்கிறவளுக்கு, அம்மா அசையாமல் இருந்தால்தான் நெஞ்சு ஆறும்.

கமராவுக்குக் கண் இல்லாத இடம் இரண்டு: குசினியும் பின் வளவுக் கிணற்றடியும். பராசக்தி தன் பயிற்சியை அங்கே மாற்றினாள். தர்சிகா பயந்து நடுங்கினாள். "அண்ணைக்குத் தெரிஞ்சால் என்னை நிப்பாட்டிப் போடுவார் அம்மா."

"நீ கறியைப் பார். நான் தேங்காயைத் திருவுறன். இதுக்குள்ளை கனடா வராது."

அப்படித் தொடங்கிய களவு வேலை நாளுக்கு நாள் வளர்ந்தது. தேங்காய் திருவினாள். உடுப்பை மெசினில் இருந்து எடுத்துப் பின் வளவுக் கொடியில் தானே காயப்போட்டாள். மோட்டரை நிப்பாட்டிவிட்டுச் சின்ன வாளியால் நாலு வாளி அள்ளி வாழைக்கு ஊற்றினாள். குசினி மரக் கதிரையில் எழும்பி இருக்க, உலைக்கு அரிசி போட்டபடி தர்சிகா எண்ணினாள். ஹோலில் நாடகம் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் எழும்பிக் குசினிக்கு ஒரு நடை. "அம்மா அடிக்கடி பாத்ரூம் போறா, சீனி கூடிப்போச்சோ" என்று தயாளினி தமையனிடம் கவலைப்பட்டாளாம். உண்மையில் சீனி குறைந்துகொண்டிருந்தது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் இரண்டு கிழமையும் தொடை இரண்டும் உரலில் இடித்தது போல நொந்தன. பின் வளவில் நடந்துவிட்டு வந்து, வினோஜாவின் பரம்பரையையே திட்டினாள். ஆவணியில் ஏழு தரம், புரட்டாசியில் பத்துத் தரம் என்று அரை நிமிஷக் கதிரைக் கணக்கு ஏறியது. ஆனால் நிலம் மட்டும் மசியவில்லை. எழும்பும் முறையை வினோஜா காட்டிக் கொடுத்திருந்தாள்: பக்கவாட்டில் திரும்பு, நாலு காலில் நில், ஒரு பாதத்தை முன்னால் வை, அந்த முழங்காலில் கையை ஊன்றித் தள்ளு. பராசக்தி மூன்று படியும் சரியாகச் செய்வாள். நாலாவதில் தர்சிகாவின் கையைத் தேடுவாள். "நாளைக்குப் பாப்பம்" என்பாள்.

ஐப்பசி மழை வலுத்துப் பெய்த ஒரு காலை, தர்சிகா மரக்கறி வாங்க நெல்லியடிக்குப் போயிருந்தாள். மழை என்றாலும் நாலு வாளிக் கணக்கை விட மனமில்லாமல் பராசக்தி வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். பாசி. கால் இழுத்தது தெரியும், விழுந்தது தெரியாது. தாடை கிணற்றுக் கட்டில் அடிபட்டது. "ஆரும் நிக்கிறியளோ?" என்று கத்தினாள். மழைச் சத்தம்தான் பதில். போன் ஹோலில் கிடந்தது.

எலும்பு முறிந்ததா என்றுகூட அவள் பார்க்கவில்லை. 'ஒருக்கால் விழுந்தாலும் கதை முடிஞ்சுது' என்ற சயந்தனின் குரல்தான் காதுக்குள் கேட்டது. சேற்றில் கிடந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பக்கவாட்டில் திரும்பினாள். நாலு காலில் நின்றாள். பாதத்தை வைத்தாள், வழுக்கியது. திரும்ப வைத்தாள், அதுவும் வழுக்கியது. பாசி இல்லாத கல்லுக்கு ஊர்ந்து போய் மூன்றாம் தரம் வைத்து, முழங்காலில் கையை ஊன்றி, "முருகா!" என்று ஒரு தள்ளுத் தள்ளினாள்.

நின்றுகொண்டிருந்தாள். மழைக்குள், சேலை முழுக்கச் சேறு, தாடையில் இரத்தம், ஆனால் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பிள்ளை பெற்ற நாளிலும் வந்ததில்லை. தர்சிகா திரும்பி வந்தபோது அம்மா தனியே நின்று சிரிப்பதைப் பார்த்து, மூளைக்குள் அடிபட்டுவிட்டதோ என்று பயந்தாள்.

ஆனால் கன்றிய தாடையைக் கமராவுக்கு ஒளிக்க முடியுமா? அன்று பின்னேரமே பிடிபட்டது. பராசக்தி பொய் சொல்லவில்லை. "ஓம், விழுந்தனான். ஆனா நானாத்தான் எழும்பினனான்."

"ஆர் கண்டது?" என்று கேட்டான் சயந்தன்.

ஒருவரும் காணவில்லை. கிணற்றடியில் கமரா இல்லை. விழுந்ததற்குத் தாடை சாட்சி. எழும்பியதற்கு யார் சாட்சி? தை முதலாம் திகதிக்கு இல்லத்தில் அறை சொல்லியாகிவிட்டது, திவசம் முடிய நானே கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று அவன் போனை வைத்தான்.

இரண்டு நாள் பராசக்தி அந்தச் சாய்கிற கதிரையில் கிடந்தாள். சாப்பிடவில்லை, எழும்பவில்லை. கமராவில் பார்த்த பிள்ளைகள் அம்மா அமைதியாகிவிட்டா என்று ஆறுதல் பட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் விடிய அவள் குசினிக்குள் வந்து மரக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"எண்ணு பிள்ளை. கொண்டுபோய் விடுறவன் விடட்டும். அங்கையும் நான் நடந்துதான் போவன், தூக்கிக்கொண்டு போக விடமாட்டன்" என்றாள்.

மார்கழியில் சயந்தன் வந்து இறங்கினான். நாற்பத்திரண்டு வயது. கனடாவில் பெரிய லொறி ஓட்டுகிறான்; ஒரு நாளைக்குப் பதினொரு மணித்தியாலம் ஆசனத்தில், மிச்ச நேரம் சோபாவில். கேற்றைத் திறந்து வந்தது முதலில் வயிறு, பிறகுதான் ஆள். வாசலில் நாலு படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்கினான். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான், பிறகு நேரே போய் அந்தச் சாய்கதிரையில் இருந்து கைப்பிடியை இழுத்துக் காலை நீட்டினான். இல்லத்துப் படிவம் அவன் பையில் இருந்தது. அம்மா ஓடியாடித் தேநீர் கொண்டுவந்ததை அவன் பார்த்தான்தான், ஆனால் மனதில் எடுக்கவில்லை. பயணக் களைப்பு.

திவசத்தன்று ஐயர் வந்து ஹோலில் எல்லாவற்றையும் பரப்பினார். சயந்தன் வேட்டியைக் கட்டிக்கொண்டு பலகையில் சம்மணம் கட்டி இருந்தான். பராசக்தி சுவரோரம் நிலத்தில் இருந்தாள். சங்கற்பம், தர்ப்பணம், பிண்டம் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. பாதி வழியிலேயே சயந்தன் நெளியத் தொடங்கிவிட்டான். ஐயர் மந்திரத்தை முடித்து, "சரி தம்பி, எழும்பி இலையைக் கொண்டுபோய்க் காகத்துக்கு வையும்" என்றார்.

சயந்தன் எழும்பப் பார்த்தான். விறைத்த கால் கேட்கவில்லை. ஒரு கையை ஊன்றினான். இரண்டு கையையும் ஊன்றினான். வேட்டி அவிழப் பார்த்தது, அதைப் பிடிக்க ஒரு கை போனது, ஆள் திரும்பப் பலகையில் இருந்துவிட்டான். முகம் சிவந்து வியர்த்தது. ஐயர் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார்.

சுவரோரம் இருந்த பராசக்தி பக்கவாட்டில் திரும்பினாள், ஒரு பாதத்தை முன்னால் வைத்தாள், முழங்காலில் கையை ஊன்றி எழும்பினாள். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. நேரே மகனிடம் வந்து கையை நீட்டினாள்.

"பிடி மோனை."

அவன் பிடித்தான். அவள் காலை அகட்டி வைத்து ஓர் இழுவை இழுத்தாள், தொண்ணூற்றைந்து கிலோ ஆள் எழும்பி நின்றான். தடுமாறியவனை மற்றக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"உந்த இல்லத்துக்கு ஒருக்கால் போன் அடிச்சு, ஆள் வருது எண்டு சொல்லு" என்றாள் பராசக்தி. "எந்த ஆள் எண்டதைப் பிறகு யோசிப்பம்."

ஐயரால் அதற்கு மேல் கூரையைப் பார்க்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

காகத்துக்கு வைத்து, சாப்பிட்டு முடிந்த பிறகு தாயும் மகனும் கிணற்றடியில் நின்றார்கள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வாளிக் கயிறு உரஞ்சிய தழும்பு அதில் புதிதாக இருந்தது.

"நீ பாசத்திலைதான் என்னை இருத்தினனீ. எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நானும் பெருமையாத்தான் இருந்தன். ஆனா மோனை, எட்டுப் பரப்புக் கொத்தின உடம்பு இது. ஒண்டும் செய்யாதை எண்டு அதுக்குச் சொன்னால், சாவெண்டு சொன்ன மாதிரித்தான் அதுக்கு விளங்குது."

சயந்தன் கண்ணைத் துடைத்தான். அங்கேயே போனை எடுத்து இல்லத்துக்கு அடித்தான். தை முதலாம் திகதிக்குச் சொன்ன அறை வேண்டாம் என்றான். ஏன், அம்மாவுக்கு என்ன என்று மறுபக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை, இல்லை, நல்ல சுகமா இருக்கிறா" என்றான் சயந்தன். "அம்மாவுக்கு வீட்டிலை வேலை கிடக்கு."